சங்கு கேட்கிறது, சொல் கேட்கவில்லை

குக்கர் நான்காவது விசில் அடித்தபோது கூடத்திலிருந்து எழுந்து ஓடினேன். அடுப்படியில், தரையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து மாஷி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்புக்கும் அவருக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தால் அதிகம். தலை நிமிரவே இல்லை. அடுப்பை அணைத்த என் நிழல் காய் மேல் விழுந்த பிறகுதான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் நடந்தது புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். தவறு செய்துவிட்டால் வங்காளத்துப் பெண்கள் இப்படித்தான் நாக்கைக் கடிப்பார்கள்.

“அவளுக்குக் காது கேக்காதுடி. தோளைத் தொட்டுச் சொல்லணும்” என்றார் அத்தை, பூஜையறையிலிருந்து.

ஹௌரா மெயிலில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் அது. 1982இல் கல்யாணமாகிப் பவானிபூருக்கு வந்தவர் அத்தை. மாமாவுக்கு டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. அந்தக் காலத்தில் சுருக்கெழுத்தும் கணக்கும் கற்ற தமிழர்கள் கல்கத்தாவுக்கு வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறினார்கள். வாடகை தோதாக அமைந்த சிலர் சற்று வடக்கே பவானிபூரில் தங்கிவிட்டார்கள். மாமா போன பிறகும் அத்தை ஊர் திரும்பவில்லை. பால்காரர், மீன்காரர், மாடி வீட்டுக் குஜராத்திக் குடும்பம், பதினெட்டு வருஷமாக வேலைக்கு வரும் மாஷி என்று அவருடைய உலகம் இங்கேயே வேர்விட்டுவிட்டது.

மாஷி என்றால் சித்தி, பெரியம்மா. வீட்டு வேலைக்கு வரும் பெண்களைக் கொல்கத்தா இப்படித்தான் கூப்பிடும். எங்கள் மாஷிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கேனிங் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிவதற்கு முன் லோக்கல் ரயில் ஏறி, பாலிகஞ்சில் இறங்கி, பவானிபூரில் மூன்று வீட்டு வேலை முடித்து, இருட்டிய பிறகு திரும்புவார். மூன்று வீட்டிலும் சேர்த்து மாதம் ஒன்பதாயிரம் ரூபாய். முன்பு நான்கு வீடு. நான்காவது வீட்டில் அழைப்புமணி கேட்காமல் துணி துவைத்துக்கொண்டே இருந்துவிட்டார் என்று, சென்ற வருஷம் நிறுத்திவிட்டார்கள்.

“ரயிலுக்கு எப்படிப் போறாங்க? பிளாட்பாரம் மாத்தி அறிவிச்சா?” என்று கேட்டேன். அத்தை வங்காளத்தில் கேட்டுச் சொன்னார்: “கூட்டம் ஓடினா அவளும் ஓடுவாளாம்.”

ஜனவரியில் கொல்கத்தாவில் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அன்று அந்தி நேரத்தில் எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் விளக்கேற்றி மூன்று முறை சங்கு ஊதினாள். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் சங்கொலி எழுந்து தெரு முழுக்கப் பரவியது. துணி மடித்துக்கொண்டிருந்த மாஷி கையை நிறுத்தி, நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். குக்கர் விசில் விழாத காதில் சங்கு விழுந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, பி.ஜி. மருத்துவமனையில் அதற்கு விடை கிடைத்தது.

*

பலகையில் சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனை என்று எழுதியிருக்கும். ஊர் வாயில் அது பி.ஜி.தான், வெள்ளைக்காரர் காலத்துப் பிரசிடென்சி ஜெனரல் என்ற பெயரின் மிச்சம். இந்த வளாகத்துச் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில்தான் 1898இல் ரொனால்ட் ராஸ், பறவைகளின் மலேரியா கொசுக்கடி வழியே பரவுவதை நிறுவினார். இன்று அதே வளாகத்தில் காது மூக்கு தொண்டைக்கென்று தனி நிறுவனமே இருக்கிறது. சுந்தரவனத்திலிருந்தும் மேதினிபூரிலிருந்தும் முதல் நாள் இரவே கிளம்பி வந்தவர்கள், கையில் இரண்டு ரூபாய்ப் புறநோயாளிச் சீட்டோடு காலையில் வரிசையில் நிற்கிறார்கள்.

மருத்துவர் மாஷியின் காதுகளைக் குழாய் விளக்கால் பார்த்தார். சீழ் இல்லை, சவ்வு கிழியவில்லை. உட்காது நரம்புப் பக்கத்துக் குறை. மருந்திலோ அறுவையிலோ திரும்பாது, கருவிதான் வழி என்றார். செவித்திறன் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சத்தம் புகாத சிறு அறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சட்சட்டென்று உயர்ந்த விரல், போகப் போக மடியிலேயே கிடந்தது. மாஷி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தேர்வெழுதும் பிள்ளை போலக் காத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் கையில் ஒரு தாள். வலக்காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் போகப் போகப் படிப்படியாகக் கீழே இறங்கியது கோடு. அதை ரொம்ப நேரம் பார்த்த மாஷி, “எங்க ஊர்க் குளத்துப் படித்துறை மாதிரி இருக்கு” என்றார்.

அந்தப் படித்துறையை வைத்தே எங்களுக்கு விளக்கினார் செவித்திறன் வல்லுநர். தாளின் இடக்கோடி கனத்த, தாழ்ந்த ஒலிகளுக்கு. வலக்கோடி கீச்சென்ற ஒலிகளுக்கு. மாஷி மேல்படியில் நன்றாகவே நிற்கிறார். சங்கு, லாரி, இடி, ஆண்குரல் எல்லாம் அங்கே. குக்கர் விசில், குருவிச் சத்தம் போட்டுக் கூப்பிடும் அழைப்புமணி, குழந்தைகளின் குரல் எல்லாம் கீழ்ப்படியில், தண்ணீருக்குள். பேச்சோ இரண்டு இடத்திலும் பரவிக் கிடக்கிறது. உயிரெழுத்தின் பலம் மேல்படியில். ச, த, க போன்ற மெய்களின் கூர்மை கீழே. மாஷிக்கு யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது.

அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. வங்காளத்தில் சால் என்றால் அரிசி, டால் என்றால் பருப்பு. “அரிசி கழுவச் சொன்னா பருப்பை ஊறப் போட்டிருப்பா. எத்தனை நாள் திட்டியிருக்கேன்” என்று அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்தபடி, மாஷியின் கையைப் பிடித்துக்கொண்டார். மாஷிக்கு ‘ஆல்’ மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

*

அதே பெஞ்சில் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருஷம் தறி ஓட்டியவர் உட்கார்ந்திருந்தார். 1855இல் ரிஷ்ராவில் தொடங்கிய சணல் ஆலைத் தொழிலால்தான் இந்த நதிக்கரை வளர்ந்தது. நெசவுக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரோடு கையசைத்துத்தான் பேச முடியும் என்றார். பேரன் பேச ஆரம்பித்துவிட்டான், அவன் என்ன சொல்கிறான் என்று மனைவி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்காகவே வந்திருந்தார்.

இருவர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மாஷிக்கு இரண்டு காதிலும் இழப்பு 60 டெசிபெல்லைத் தாண்டியிருந்தது. அவருக்கு 48. ஒருவருக்குக் கதவு திறந்தது, இன்னொருவருக்குத் திறக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பேச்சு ஒலிகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழந்தவரைச் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. 70ஐத் தொட்டால் காது கேளாதவர். 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று கிடைத்தால்தான் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் இலவசக் கருவி பெற முடியும். 1981இலிருந்து நடக்கும் திட்டம் அது. மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுச் செலவும், 30,000க்குள் இருந்தால் பாதியும் அரசு ஏற்கும். மாஷிக்கு எல்லாம் பொருந்தியது.

தறிக்காரருக்கு 48. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 35ஐத் தாண்டினாலே மறுவாழ்வு உதவி தேவைப்படும் இழப்பு. 2021இல் அந்நிறுவனம் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை, அப்படிப்பட்டவர்கள் உலகில் 43 கோடிப் பேர் என்றது. காதொலிக் கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேரிடம்தான் கருவி இருக்கிறது என்றும் சொன்னது. 35க்கும் 60க்கும் நடுவே நிற்பவருக்குப் பேச்சு புரியாது, வேலை போகும், சான்று மட்டும் கிடைக்காது. அறுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு 2017இல் தொடங்கிய ‘வயோஸ்ரீ’ திட்டத்தில் காதொலிக் கருவி உண்டு. அவருக்கு வயது 54. சணல் ஆலைச் சத்தத்தால் வரும் செவி இழப்பைத் அவர் வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் சேர்த்திருந்தது. இழப்பீட்டுச் சட்டத்திலும் இடம் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் அதைச் சொன்னதில்லை. கடைத்தெருவில் வாங்கலாமென்றால், நல்ல டிஜிட்டல் கருவி ஒரு காதுக்கே இருபதாயிரத்தை ஒட்டித் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் சட்டைப்பை ஒலிபெருக்கியோ, கேட்கும் ஒலியையும் கேளாத ஒலியையும் ஒன்றாகப் பெருக்கிக் காதை மேலும் புண்ணாக்கும்.

அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து, லேசான, நடுத்தரமான இழப்புள்ள பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மருத்துவர் சீட்டில்லாமலே கடையில் கருவி வாங்கலாம் என்று விதி வந்தது. இவரைப் போல நடுவில் நிற்பவர்களை எண்ணி எழுதிய விதி அது. நம் ஊருக்கு ஏற்றபடி, சோதனையும் கண்காணிப்பும் சேர்ந்து, நடுப்படியில் நிற்பவர்களுக்கும் ஒரு வழி வேண்டும். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் நடந்து போனதை என்னால் மறக்க முடியவில்லை.

*

நான் சென்னை திரும்பிய பிறகு, அத்தைதான் வருமானச் சான்றுக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாஷியோடு அலைந்தார். ஏப்ரலில் தொலைபேசியில் பேசினார். கருவி வழங்கும் போன்ஹூக்ளி மையத்துக்குப் போய் வந்தார்களாம். காதில் நூல் கட்டிய பஞ்சை முதலில் வைத்து, மாவு போன்ற பசையை ஊசிக்குழலால் நிரப்பி, இறுகியதும் உருவி எடுத்து, அந்த வார்ப்பில் காதச்சு செய்தார்கள். மறுமுறை போனபோது காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இரண்டைக் கணினியோடு இணைத்து, மாஷியின் படித்துறைக்கு ஏற்றபடி எந்த ஒலியை எவ்வளவு தூக்க வேண்டுமென்று அமைத்துக் கொடுத்தார்கள்.

“மாட்டினதும் என்ன சொன்னாங்க?”

“‘எத்தோ ஆவாஜ்!’னா. எவ்வளவு சத்தம்னு. மின்விசிறி, அவ கை வளையல், காகிதம் மடிக்கிற சத்தம், எல்லாத்துக்கும் திடுக்குனு திரும்பினா. முதல்ல தினம் ரெண்டு மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டுப் பழகணும்னு சொல்லியிருக்கா.”

அத்தை அனுப்பிய படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். நல்ல காரியம் ஒன்று முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஆகஸ்டில் மறுபடி போனேன். பவானிபூர் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. ஆசுதோஷ் முகர்ஜி சாலையில் கணுக்கால் தண்ணீர். ஜதுபாபு பஜாரில் தார்ப்பாய்க்கு அடியில் ஹில்சா மீன் வியாபாரம். பேருந்தின் தகரத்தைத் தட்டி “ஆஸ்தே லேடீஸ்!” என்று கூவும் நடத்துநரின் குரல் மழையைத் தாண்டி வந்தது, பெண்கள் இறங்குகிறார்கள், மெதுவாக எடு என்று ஓட்டுநருக்குச் சொல்லும் குரல். வீட்டுக்குள் நுழைந்ததும் மாஷி என்னைப் பார்த்துச் சிரித்தார். காதைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

கேட்டதற்கு, பையிலிருந்து ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்தார். உள்ளே பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, கருவிகள் இரண்டும் புதிது போலவே இருந்தன.

இரண்டு மாதம் போட்டிருக்கிறார். பிறகு பேட்டரி தீர்ந்தது. கேனிங்கில் ஒரு கடையில் கேட்டபோது, பார்வைக்கு அதே போலிருந்த கைக்கடிகார பேட்டரியைக் கொடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்யவில்லை. காதொலிக் கருவிக்கு வேண்டியது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து இயங்கும் பேட்டரி. மேலே ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்து, காற்று புக ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, பிறகு உள்ளே வைக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வண்ணம். மாஷியின் கருவிக்கு 13ஆம் எண், ஆரஞ்சு. பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஓடும். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அடுப்படி வியர்வையும் கங்கைக்கரை ஈரமும் காதச்சுக் குழாயில் நீராகத் தங்கி, வலக்கருவி விட்டுவிட்டுப் பேசியது. மிஷின் செத்துப்போச்சு, கெடுத்துவிட்டேன் என்று சொல்ல மாஷிக்குப் பயம். அதனால் டப்பாவில் வைத்துவிட்டார்.

“திரும்பிப் போய்க் காட்டியிருக்கலாமே?”

அத்தை மொழிபெயர்க்கவில்லை. விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். போன்ஹூக்ளி போய்வர ஒரு நாள். ஒரு நாள் வராவிட்டால் மூன்று வீட்டுச் சம்பளமும் சேர்ந்து முந்நூறு ரூபாய் பிடிப்பு. ரயில், மெட்ரோ, ஆட்டோ. இரண்டு காதுக்கும் சேர்த்து மாதம் ஓர் அட்டை பேட்டரி; அன்று நான் கடையில் வாங்கிய ஆறு பேட்டரி அட்டை 240 ரூபாய். “சம்பளத்தைப் பிடிச்சவள்ல நானும் ஒருத்தி” என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து உள்ளே போனார்.

கருவி இலவசமாகத்தான் கிடைத்தது. திரும்பி வருவதற்குத்தான் காசு கேட்டது. அந்தக் காசை ஏப்ரலில் நாங்கள் யாருமே கணக்குப் பார்க்கவில்லை. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கியபோது மெட்ரெஸ்கோ என்ற கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்றும் அந்தச் சேவையில் கருவி வாங்கியவருக்கு பேட்டரியும் பழுதுபார்ப்பும் இலவசம். கொடுப்பதையும் கூடவே நின்று பார்ப்பதையும் ஒரே வேலையாக அவர்கள் வைத்துக்கொண்டதில் பெரிய அனுபவம் இருக்கிறது.

*

மறுநாள் மாஷியும் நானும் நேதாஜி பவன் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். சுபாஷ் சந்திர போஸ் 1941இல் வீட்டுக்காவலிலிருந்து தப்பிப் போன எல்ஜின் சாலை வீடு பக்கத்திலேயே இருப்பதால் நிலையத்துக்கு அந்தப் பெயர். 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து இங்குவரைதான் ஓடியது. மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அப்போது இந்த நிலையத்தின் பெயர் பவானிபூர். அந்த வாரமே மாமாவும் தானும் ஏறி, இறங்க மனமில்லாமல் இரண்டு முறை போய்வந்ததை அத்தை இன்றும் சொல்வார்.

மைதான், பார்க் ஸ்ட்ரீட், ஷ்யாம்பஜார் என்று ரயில் பூமிக்கடியில் வடக்கே போனது. ஒவ்வொரு நிலைய அறிவிப்பின்போதும் மாஷி எதிரில் இருப்பவர்களின் கால்களைப் பார்த்தார். யார் எழுகிறார்கள், யார் பையைத் தோளில் மாட்டுகிறார்கள் என்று. பத்து வருஷப் பழக்கம். பெல்காச்சியா தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியதும் மழை ஜன்னலில் அடித்தது. 2021இல் திறந்த பாராநகர் நிலையத்தில் இறங்கி பி.டி. சாலைக்கு வந்தோம்.

போன்ஹூக்ளி வளாகத்தில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் கொல்கத்தா மையம் இருக்கிறது. 1983இல் மும்பையில் தொடங்கிய நிறுவனம். பேச்சும் செவியும் சார்ந்த குறைபாடுகளுக்கானது. ‘அடிப்’ திட்டத்தில் கருவி வழங்கும் அமைப்புகளில் ஒன்று. அங்கிருந்த இளம் பெண் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். சாகவில்லை என்றார். காதச்சை வெந்நீரில் கழுவி, விறைத்துப்போன குழாயை மாற்றி, புதுப் பேட்டரி போட்டு, ஒலியளவைச் சற்றே திருத்த இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, மருந்துப் புட்டிகளில் வருமே, அந்த ஈரமுறிஞ்சும் மணிப்பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும் என்று மாஷியையே செய்யச்சொல்லி மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை மாஷி தானே செய்து, பிஸ்கெட் டப்பாவை எடுத்துக் காட்டி, இது ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றார் அந்தப் பெண்.

அன்று மாலை அத்தை மற்ற இரண்டு வீட்டுக்காரர்களையும் தேநீருக்குக் கூப்பிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு நாள், சம்பளப் பிடிப்பு இல்லாமல், மாஷி போன்ஹூக்ளி போய்வர வேண்டும். மாதாமாதம் பேட்டரி அட்டை மூன்று வீட்டுக்கும் முறை. ஒருவரும் மறுக்கவில்லை. காலண்டரில் நாளைக் குறித்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர் வீட்டிலும் தோளைத் தொட்டுக் கூப்பிடும் ஒருவர் இருக்கக்கூடும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சோதனை எடுங்கள். தாள் கையில் வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். காதொலிக் கருவிக்கு அங்கே வழி உண்டு. கருவி கைக்கு வந்த அன்றே, மறுபடி எப்போது போக வேண்டும், யார் கூடப் போவது, பேட்டரி எங்கே கிடைக்கும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் வீணான இடம் இதுதான்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மாஷியோடு பாலிகஞ்ச் வரை போனேன். மழைவிட்ட மாலை. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் பிளாட்பாரம் முழுக்க, கையில் குடையும் துணிப்பையுமாக. ஒலிபெருக்கி கரகரத்து வங்காளத்தில் ஏதோ சொன்னது. எனக்கு அதில் கேனிங் என்ற ஒரு சொல் தவிர எதுவும் பிடிபடவில்லை. கூட்டத்தில் இன்னும் ஒருவரும் அசையவில்லை. மாஷி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் கூட்டம் ஓடி வந்துகொண்டிருந்தது.